வெயில் காட்டிக் கொடுக்கும் பழுது

ஜெர்மனி என்றதும் பனியும் குளிரும் கம்பளிச் சட்டையுமே நம்மவர் மனத்தில் எழுவது இயல்பு. ஆனால் அந்நாட்டின் தென்மேற்கில், ஒருபுறம் வோஸ்ஜ் மலைத்தொடரும் மறுபுறம் கருங்காடு என்று வழங்கும் மலைப்பிரதேசமும் அணைபோல் நிற்க, இடையே ரைன் நதி பாயும் தாழ்ந்த சமவெளியில் அமைந்திருக்கும் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஓர் ஆகஸ்ட் மாதத்தைக் கழித்தவர்கள், உஷ்ணக் காற்று அந்தப் பள்ளத்தில் வந்து தேங்கும் நாட்களில் நமது திருச்சியையும் வேலூரையும் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நகரத்தில் 40.2 டிகிரி பதிவாயிற்று. அதற்கு மேற்பட்ட உஷ்ணம் ஜெர்மனியில் அதுவரை எங்கும் பதிவானதில்லை. அத்தகைய ஒரு வெயில் நாளில், அந்நகரைச் சேர்ந்த துர்லாக் என்னும் பகுதியில் என் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பழைய மலைவண்டி ஒன்றின் நோயை ஒரு முதியவர் எவ்வளவு பொறுமையோடு ஆராய்ந்தார் என்பதை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பழைய ஜீப்பு வைத்திருக்கும் நம் ஊர் அன்பர்களுக்கு அதில் பயன் உண்டு என்ற நம்பிக்கையால் இதை எழுதுகிறேன்.

முதியவர் ஓய்வு பெற்ற கடைசல் தொழிலாளி. அவருடைய வண்டி, 'உனிமோக்' என்ற பெயரால் உலகமெங்கும் அறியப்பட்ட ஜாதியில் 404 என்ற எண்ணுடையது. முற்றத்தில் என்ஜினை ஓடவிட்டு, மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் துப்பாக்கி போன்ற ஒரு சிறு கருவியுடன் அவர் ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து நின்றார். தொடாமலே உஷ்ணத்தை அளக்கும் கருவி அது. மேலிருந்து கீழாகவும், பிறகு இடமிருந்து வலமாகவும், நெல்மணி பொறுக்குகிறவரைப் போல அவர் ஒவ்வோர் அங்குலமாக அளந்துகொண்டே வர, மேற்பகுதியில் எண்பத்தைந்து, நடுவில் எழுபத்தெட்டு, அடியில் எழுபது என்று எண்கள் கிரமமாக இறங்கின. வலது பக்கத்து அடி மூலைக்கு வந்ததும் எண் சட்டென்று நாற்பத்தைந்துக்கு வீழ்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். "அந்த மூலையில தண்ணியே ஓடலயாம் மாமா, குழாய் அடைச்சுப் போச்சுங்கிறார்," என்று மருமகன் எனக்குச் சொன்னான். மே மாதம் வரையில் வண்டி ஒரு குறையும் காட்டவில்லை என்பதையும், ஜூலையில் மேடு ஏறும்போதுதான் முள் சிவப்பைத் தொட ஆரம்பித்தது என்பதையும் அவர் மேலும் சொன்னார். மே மாதத்திலும் அந்த அடைப்பு இருக்கத்தான் இருந்தது; அதைக் காட்டிக் கொடுக்க வெயில் வரவேண்டியிருந்தது.

உனிமோக் என்பது அந்தப் பிரதேசத்துக்கே உரிய பொருள் என்று சொல்லலாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நாடு பாழ்பட்டுக் கிடந்த நாளில், உழவனுக்கு உதவும் பல்தொழில் வண்டியாக ஆல்பர்ட் பிரீட்ரிக் என்ற பொறியாளர் அதைக் கற்பனை செய்தார். இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம், உருளைக்கிழங்குப் பாத்திகள் இரண்டின் அளவுக்குப் பொருந்த 1,270 மில்லிமீட்டராக வைக்கப்பட்டது. 1951 முதல் கார்ல்ஸ்ரூஹேக்குத் தெற்கே முர்க் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள கக்கெனௌ என்ற ஊரில் அது உற்பத்தியாயிற்று. 2002இல் அந்தத் தொழில், கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரைன் நதியைத் தாண்டியதும் எதிர்க்கரையில் வரும் வோர்த் நகரத்துக்கு மாறிற்று. சக்கரத்தின் மையத்தைவிட அச்சு உயர்ந்திருக்கும்படி, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் பல்சக்கரப் பெட்டி ஒன்றை வைத்த அமைப்பினால், கல்லும் பள்ளமும் அடிவயிற்றில் தட்டாமல் அது கடந்து செல்லும். 1955இலிருந்து வெளிவந்த 404 மட்டும் 64,000க்கு மேல் செய்யப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை ராணுவத்திலும் தீயணைப்புப் படையிலும் உழைத்து, பிறகு தனியார் கைக்கு வந்தன; சில சஹாராப் பாலைவனம் வரையில் போய்வந்தன.

கார்ல்ஸ்ரூஹேயில் நின்றுகொண்டு கொதிக்கும் என்ஜினைப் பார்ப்பவனுக்கு வேறொரு நினைவும் வராமல் போகாது. மோட்டார் வண்டியின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் பென்ஸ் 1844 நவம்பர் 25ஆம் தேதி பிறந்தது, இன்று இந்நகரின் ஒரு பகுதியாகிவிட்ட ம்யூல்பூர்க் என்ற ஊரில்தான். ரயில் என்ஜின் ஓட்டியின் மகனாகப் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, தாயின் அருமுயற்சியால் கார்ல்ஸ்ரூஹேயின் பாலிடெக்னிக் கல்லூரியில் ரெட்டென்பாக்கர் என்ற பேராசிரியரிடம் யந்திர சாஸ்திரம் பயின்று, பத்தொன்பதாவது வயதில் பட்டம் பெற்ற அவர், 1886 ஜனவரி 29ஆம் தேதி மன்ஹைம் நகரிலிருந்து தமது மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரினார். முக்கால் குதிரைச் சக்தியுள்ள ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் அது. அதற்கு இன்று நாம் அறிந்த ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றிலும் தண்ணீர் நிற்கும், கொதிக்கும், ஆவியாகிப் போகும், போனதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வண்டியின் குணதோஷங்களை உலகத்துக்கு உணர்த்தியவர், சீதனப் பணத்தை முன்னதாகவே கணவரின் தொழிலுக்குக் கொடுத்து உதவிய அவர் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், ஓய்கன், ரிச்சர்ட் என்ற தம் இரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைம் வரையில் நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்தை அந்த அம்மையார் ஒரே நாளில் கடந்தார். இன்று கார்ல்ஸ்ரூஹேயுடன் சேர்ந்துவிட்ட கிரெட்சிங்கன் கிராமத்தின் வழியாகவே அந்தப் பாதை மலைமேட்டை நோக்கித் திரும்புகிறது. அந்நாளில் அது குதிரை வண்டிகளுக்கான மண் பாதை. ஆகவே முதல் நெடும்பிரயாணமே மேடுபள்ளத்துப் பிரயாணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

வழியில் நேர்ந்தவை எவை? தண்ணீர் கொதித்து வற்றியது. ஊற்றிலும் ஓடையிலும் சத்திரத்திலும் மொண்டு ஊற்றினார்கள். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை போக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார்கள். எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார் அம்மையார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றி மறைத்தார். புருக்ஸாலில் ஒரு கொல்லர் சங்கிலியைச் சரிசெய்தார். இறக்கத்தில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்தன. பௌஷ்லோட் என்ற ஊரின் செருப்புத் தைப்பவர் அவற்றின்மேல் தோலை வைத்து அடித்துக் கொடுத்தார். மேட்டில் வண்டி ஏறவில்லை, இறங்கித் தள்ளினார்கள். வீடு திரும்பியதும், மலை ஏறுவதற்கென்று தனியாக ஒரு கியர் வேண்டும் என்று கணவரிடம் அம்மையார் சொன்னார், அப்படியே சேர்க்கப்பட்டது.

இந்த வரிசையை நான் துர்லாக் முற்றத்தில் நின்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று விளங்கிற்று. தண்ணீர், எரிபொருள், மின்சாரம், பிரேக்கு, கியர் என்று அன்று பெர்த்தா அம்மையார் சந்தித்த பழுதுகளேதான், இன்றும் நமது மலைப்பாதைகளில் ஒரு பழைய ஜீப்பைச் சித்திரை வைகாசியில் நிறுத்திவிடுகின்றன. அவர் முதலில் பழுதை நீக்கினார். புதுக் கியரைக் கேட்டது அதற்குப் பிறகுதான். நம்மில் பலர் இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கி, வண்டி கொதிக்கும்போதே பெரிய டயரும் கூடுதல் விளக்கும் வாங்கப் போகிறோம். இது பெரும் பிழை என்பது என் திடமான அபிப்பிராயம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் உஷ்ணப் பிரதேசத்தில் பழைய வண்டியின் ஆயுளை நிர்ணயிப்பது அதுதான். என்ஜினில் எரியும் எரிபொருளின் உஷ்ணத்தில் உத்தேசமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கைத் தண்ணீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பது, தண்ணீரின் உஷ்ணத்துக்கும் காற்றின் உஷ்ணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் தொண்ணூறு டிகிரியிலும் காற்று இருபது டிகிரியிலும் இருந்தால் வித்தியாசம் எழுபது. காற்று நாற்பத்திரண்டாகும்போது வித்தியாசம் நாற்பத்தெட்டுத்தான். அதாவது, ஒரு பாகமும் கெடாமலே, வெயில் மட்டும் ஏறியதனால் ரேடியேட்டரின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அடைப்பினால் ஏற்கெனவே ஒரு பகுதியை இழந்திருந்த முதியவரின் ரேடியேட்டர் வசந்த காலத்தில் எப்படியோ சமாளித்ததும், கோடையில் கையை விரித்ததும் இதனால்தான். காற்று உஷ்ணமானது ஒருபுறம் இருக்க, மலை ஏறும் ஜீப்பு மெதுவாகப் போவதால் எதிர்க்காற்றும் கிடையாது; முழு பாரமும் விசிறியின்மேல் விழுகிறது.

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று இங்கே பொருந்தும். என் தந்தையார் வால்பாறைப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கராக இருந்த நாளில், எஸ்டேட்டுக்கு ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பு இருந்தது; மகிந்திரா கம்பெனி வில்லிஸ் வடிவத்தில் செய்த, மூக்கு உயர்ந்த பழைய மாதிரி. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு கோடையிலும் ஒன்பதாவது வளைவில், கீழே அணைநீர் விரிந்து தெரியும் இடத்தில், அந்த ஜீப்பு கொதித்து நிற்கும். கையில் தண்ணீர் டின்னுடன் நான் ரேடியேட்டர் மூடியை நோக்கிப் போனால், டிரைவர் அண்ணன் என் தோளைப் பிடித்து இழுத்துவிடுவார். "தம்பி, மூடியத் தொடாதீங்க. இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. அது அடங்கட்டும்," என்பார். அரைமணி நேரம் கழித்து, நனைந்த சாக்கை மூடியின்மேல் போட்டு, கால் சுற்று திருப்பி, சீறல் அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே திறப்பார். என்ஜினை மெதுவாக ஓடவிட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். சூடேறிய இரும்பில் குளிர்ந்த நீரை ஒரே வீச்சில் கொட்டினால் சிலிண்டர் தலை விரிசல் காணும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த வளைவில் நின்று கற்றுக்கொண்டேன்.

அடிவாரத்திலிருந்த ஒரு பட்டறைக்காரர் இதற்கு மருந்து என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். நம் ஊரில் இன்றும் பரவலாக நடைபெறும் வைத்தியம் இது. என்ஜின் சுமார் எண்பது டிகிரியை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, எட்டியதும் திறந்துவிடும் சிறு கதவுதான் தெர்மோஸ்டாட். அது திறக்காமல் சிக்கிக்கொண்டால் வண்டி கொதிக்கும் என்பது உண்மை. அதற்கு நிவாரணம் புதிய தெர்மோஸ்டாட் போடுவதே. பழையதை வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியையும் உள்ளே விட்டுப் பார்த்தால், அது எந்த உஷ்ணத்தில் திறக்கிறது என்பது அடுப்பங்கரையிலேயே தெரிந்துவிடும். அதைக் கழற்றிவிட்ட எங்கள் எஸ்டேட் ஜீப்பு, வால்பாறையின் குளிர்ந்த காலைகளில் சூடே ஏறாமல் பெட்ரோலைக் குடித்துத் தேய்ந்தது. கோடையில் அதே ஒன்பதாவது வளைவில் முன்போலவே கொதித்தது. ஏனென்றால் நோய் இருந்த இடம் வேறு. எஸ்டேட் கிணற்றின் உப்புத் தண்ணீரைப் பல ஆண்டுகள் ஊற்றியதால் ரேடியேட்டரின் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருந்தது. பிற்பாடு பொள்ளாச்சியில் ஒருவர் மேல்தொட்டியை உருக்கிப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுத் தள்ளியபோது, வெள்ளைப் பொடி ஒரு சிரட்டை நிறைய வந்ததை நான் பார்த்தேன்.

ஆகவே, சோதனைக்கு ஒரு கிரமம் இருக்கிறது. விசிறியின் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை அது. பிறகு ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் சேறும் புல்விதையும் அடைத்திருப்பதை உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். விசிறியைச் சுற்றிலும் கூண்டு இருக்க வேண்டும். பல பழைய ஜீப்புகளில் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள், கூண்டில்லாத விசிறியோ முன்னாலிருந்து காற்றை இழுக்காமல் தன்னைச் சுற்றியுள்ள சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கலக்குகிறது. கீழ்க்குழாயின் ரப்பர் நைந்துபோயிருந்தால், என்ஜின் வேகம் எடுக்கும்போது பம்பு இழுக்கும் இழுப்பில் அது ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தை நிறுத்திவிடும். நிறுத்திப் பார்க்கும்போது குழாய் விரிந்து ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி எழுந்தால், சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கட் போய்விட்டது என்று அறியலாம். அதன் பிறகு வண்டியை ஓட்டுவது என்ஜினைக் கொல்வதாகும்.

மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் மூடி தூசிக்காக வைத்த மூடி அன்று. அது ஓர் அழுத்த வால்வு. நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அழுத்தம் ஒவ்வொரு பவுண்டு கூடும்போதும் சுமார் ஒன்றரை டிகிரி தள்ளிக் கொதிக்கிறது. ஏழு பவுண்டு மூடியுள்ள வண்டிக்குப் பத்து டிகிரிக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் அந்த இடைவெளி முழுவதும் போய்விடும். அதோடு, 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மலையில் வண்டிகள் கொதிப்பதன் ரகசியம் பாதி விளங்கிவிடும். கிளைகால் கலந்த கூலன்ட் திரவத்தைச் சரிபாதியாக, காய்ச்சி வடித்த நீருடன் ஊற்றினால் கொதிநிலை இன்னும் சில டிகிரி உயரும். அதைவிட முக்கியம், துருவும் சுண்ணாம்பும் சேராது. 'பனி நாட்டுச் சாமான் நமக்கெதற்கு' என்று இதை ஒதுக்குகிறவர்கள், அதன் பயன் நமக்கே அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எரிபொருள் விஷயத்தில் பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு உஷ்ணம் செய்யும் உபத்திரவம் வேறு விதமானது. என்ஜினை ஒட்டியிருக்கும் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி நின்றுவிட்டால், பம்பு ஆவியைத்தான் அடிக்கும், பெட்ரோல் நகராது. வண்டி நண்பகலில் நிற்கும், ஆறினால் தானே கிளம்பும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றும் நம் டிரைவர்களின் பழக்கம் மிகவும் அறிவார்ந்தது. ஆனாலும் அது வழியில் செய்துகொள்ளும் உபாயமே. புகைக்குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு வைப்பதும், டாங்கியின் அருகே மின்சாரப் பம்பு ஒன்றை அமைத்துப் பெட்ரோலை அழுத்தத்துடன் தள்ளுவதும் நிரந்தர வழிகள். இதே அறிகுறியை, சூடேறிய இக்னிஷன் காயிலும் காட்டும் என்பதால், நின்ற வண்டியில் பிளக்கைக் கழற்றித் தீப்பொறி வருகிறதா என்று பார்த்த பிறகே பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டும். இன்னொன்று: இந்தியாவில் இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறது, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த ரப்பர் குழாய்களும் கார்புரேட்டரின் உள்உறுப்புகளும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவது, பழைய பெட்ரோல் ஜீப்பு வைத்திருப்பவர் தீ விபத்தைத் தவிர்க்க உடனடியாகச் செய்ய வேண்டிய காரியம்.

மின்சாரத்தைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. கம்பியின் உறை வெயிலில் வெடிக்கும். பாட்டரியிலிருந்து சட்டத்துக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் பட்டையில் துரு ஏறும். பழைய டைனமோ மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராது. எர்த் பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பாதி மர்மங்கள் தீரும். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் போடுவதை நான் மனமார ஆதரிக்கிறேன். மின்சார விசிறியும் பம்பும் பிற்பாடு சேர்ப்பதற்கு அதுவே அஸ்திவாரம்.

பிரேக்கைப் பற்றி, கொதிக்கும் என்ஜினைக் காட்டிலும் அதிகமாக அஞ்ச வேண்டும். கொதித்த என்ஜின் வண்டியை நிறுத்திவிடும். கொதித்த பிரேக்கு வண்டியை நிறுத்தாது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையில் கொதிக்காது என்பது தர அளவு. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 ஆக வீழ்ந்துவிடுகிறது. நாற்பது வளைவுகளையும் மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் அந்த உஷ்ணம் வருவது அசாத்தியமல்ல. அப்போது குழாயில் ஆவி நிரம்பி, மிதி பஞ்சுபோல் தரைவரை இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை முழுவதும் மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவைத் தாண்டாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்லும் விதி, பெர்த்தா அம்மையார் கேட்ட அந்தக் கூடுதல் கியரின் மறுபாதிப் பயன்.

பழுதுகள் தீர்ந்து, வண்டி பிறந்த நாளில் இருந்த நிலைக்கு வந்த பிறகு, விருத்தி செய்வதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு வரிசைக் குழாயுள்ள ரேடியேட்டருக்கு நான்கு வரிசை, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், மிதிக்கும் பாரத்தைக் குறைக்கும் பூஸ்டரும், முகவிளக்குகளுக்கு ரிலே. இவை என் வரிசையில் முன்னே நிற்பவை. ஏர் கண்டிஷனர் கடைசியாக வரவேண்டும். ஏனெனில் அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. பெரிய டயர் போடுகிறவர்கள், அதனால் கியர் விகிதம் கெட்டு என்ஜினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க நேர்வதைக் கணக்கில் கொள்வதில்லை.

துர்லாக் முதியவர் தம் வண்டியில் எதையும் தன்னிச்சையாக மாற்ற முடியாது. குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதனை நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், பிரேக்கு, விளக்கு, துரு எல்லாவற்றையும் காட்டித் தேற வேண்டும். முக்கியமான மாற்றம் எதுவும் நிபுணரால் பரிசோதிக்கப்பட்டு வண்டியின் பத்திரத்தில் ஏறாவிட்டால், சாலையில் ஓட்டும் உரிமையே போய்விடும். முப்பது வயது நிரம்பி, பழைய உருவம் கெடாமல் காக்கப்பட்ட வண்டிகளுக்கு 1997 முதல் தனி எண்பலகை கொடுத்துச் சலுகையும் காட்டுகிறார்கள். இந்தப் பரிசோதனை மரபுக்கு வித்திட்டதும் கொதிநீர்தான். 1865இல் மன்ஹைம் நகரத்து பீர் ஆலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது; அடுத்த ஆண்டே அங்குள்ள ஆலை உரிமையாளர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, கொதிகலன்களைத் தாங்களே சோதிக்க ஆரம்பித்தார்கள். இன்றைய ஜெர்மானிய வாகனப் பரிசோதனை நிலையங்களின் வம்சம் அங்கிருந்து தொடங்குகிறது. நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திற்று. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதைச் சிலர் தொந்தரவாக எண்ணுகிறார்கள். மலைப்பாதையில் எதிரே வரும் வண்டியின் பிரேக்கை ஒருவர் சோதித்திருக்கிறார் என்ற நிச்சயம் கிடைப்பதைப் பெரிய உபகாரமாகவே நான் நினைக்கிறேன்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள், முதியவர் ரேடியேட்டரைக் கழற்றி இரண்டு மரக்கட்டைகளின்மேல் படுக்கவைத்து, அடைத்திருந்த மூலையில் விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதியதை வாங்கிப் போட்டுவிடலாமே என்று மருமகன் மூலம் கேட்டேன். பதினொரு குழாய்கள்தாம் அடைத்திருக்கின்றன, மற்றவை நன்றாக இருக்கின்றன என்று அவர் பதில் சொன்னார்.

பழைய ஜீப்பு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் பங்குனி பிறப்பதற்குள், வண்டி இரவு முழுவதும் ஆறியிருக்கும் ஒரு காலை வேளையில், ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். விசிறி பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பிரேக் திரவம் கறுத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். வழியில் வண்டி கொதித்துவிட்டாலோ, அரைமணி நேரம் கழியும்வரை அந்த மூடியின்மேல் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.